ஏஜென்டிடமிருந்து மெயில் வருமா?

டப்ளின் நகரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இலக்கிய இதழ் 'டப்ளின் ரிவ்யூ'. 2015 வசந்த கால இதழில் 24 வயதுப் பெண் ஒருவர், தன் கல்லூரி நாள்களின் விவாத மேடைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கான விவாதப் போட்டியில் சிறந்த பேச்சாளராக வந்தவர் அவர். ஜெயிப்பதில் இருந்த போதை, எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசிவிடும் நாக்கு, பிறகு அந்த உலகத்தை விட்டே விலகி வந்தது என்று தன்னைத்தானே கூண்டில் ஏற்றி விசாரித்திருந்தார்.

லண்டனில் வைலி இலக்கிய ஏஜென்சியில் இருந்த டிரேசி போஹன் அதைப் படித்தார். 'வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டு அந்தப் பெண்ணுக்கு எழுதினார். இருந்தது. ஒரு நாவலின் வரைவு. ஆனால், கேட்ட மாத்திரத்தில் அதை அனுப்பிவிடவில்லை. நெடுநாள் கையிலேயே வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அது பதிப்பகங்களுக்குப் போனபோது ஏழு பேர் ஏலத்தில் இறங்கினார்கள். ஃபேபர் பதிப்பகம் வாங்கியது. 2017-ல் 'கான்வர்சேஷன்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த 'நார்மல் பீப்பிள்' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அவர்தான் சாலி ரூனி.

ஆங்கிலத்தில் எழுத ஆசைப்படுகிற, தன் தமிழ்க் கதை ஆங்கிலத்தில் போக வேண்டும் என்று நினைக்கிற யாரும் இதைக் கேட்டால் முதலில் மனதில் போடும் கணக்கு ஒன்றுதான்: நல்ல இதழ் ஒன்றில் ஒரு கதை வந்துவிட்டால் ஏஜென்ட் தேடி வருவார். கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், அதில் ஓர் ஆளை விட்டுவிட்டோம். ரூனியின் கட்டுரையை வாங்கி, செப்பனிட்டு, அச்சில் ஏற்றிய எடிட்டர். 2000-ல் அந்த இதழைத் தொடங்கிய பிரெண்டன் பாரிங்டன் தன் இதழில் எதைப் போடுவார், எதைப் போட மாட்டார் என்பது லண்டன் ஏஜென்டுகளுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் அதை வாங்கிப் படிக்கிறார்கள்.

கமிஷன் 15 சதவிகிதம்

நமக்கு ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட் தெரியும், டிராவல் ஏஜென்ட் தெரியும். எழுத்தாளருக்கு ஏஜென்ட் எதற்கு?

லண்டனில் 1870-களின் பிற்பகுதியில் ஏ.பி.வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரிடம் பேரம் பேசுவார். கிடைக்கும் தொகையில் 10 சதவிகிதம் அவருக்கு. இன்றைக்கு அது 15. வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. புத்தகம் விற்றால்தான் ஏஜென்டுக்குக் காசு. எனவே, விற்கும் என்று தோன்றாத பிரதியை அவர் தொடுவதில்லை. பென்குவின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹஷெட், மேக்மில்லன் என்று அமெரிக்கப் பதிப்புலகை ஆளும் ஐந்து பெரிய நிறுவனங்களில் எழுத்தாளர் நேரடியாக அனுப்பும் பிரதியைப் பெரும்பாலும் பிரித்தே பார்ப்பதில்லை. வாசலில் யார் நிற்பது என்று பார்த்து உள்ளே விடும் வேலையை ஏஜென்டிடம் விட்டுவிட்டார்கள்.

தமிழில் இந்த ஆள் ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 300 ரூபாய் புத்தகம், 10 சதவிகித ராயல்டி, 1,000 பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 30,000 ரூபாய். அதில் 15 சதவிகிதம் என்றால் 4,500 ரூபாய். வருஷம் முழுக்க அலைந்ததற்கு இந்தப் பணம் என்றால் யார் அந்த வேலைக்கு வருவார்கள்?

இந்தியாவில் ஆங்கிலத்துக்கு இருக்கிறார்கள். 1997-ல் பெங்களூரில் ஜெயப்ரியா வாசுதேவன் தொடங்கிய 'ஜகரண்டா', ஜெய்ப்பூரின் 'சியாஹி', டெல்லியில் கனிஷ்கா குப்தாவின் 'ரைட்டர்ஸ் சைட்' ஆகியவை தெரிந்த பெயர்கள். அமெரிக்க நிலைமையோடு ஒப்பிட்டால் இந்தியப் பதிப்பகங்கள் கொஞ்சம் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஏஜென்ட் இல்லாமலும் அனுப்பலாம்.

பால் பண்ணைப் பத்திரிகையில் ஜாய்ஸ்

அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 2022 கணக்குப்படி சுமார் 51 லட்சம். நம் சென்னை மாநகரத்தைவிடச் சிறியது. அங்கிருந்து இத்தனை எழுத்தாளர்கள் உலகச் சந்தைக்குப் போவதற்கு மண்ணின் மகிமை, மழையின் மகிமை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இதழ்கள்தான் காரணம் என்பேன்.

1904. ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு 22 வயது, கையில் காசில்லை. 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்று ஒரு பத்திரிகை. கூட்டுறவுப் பால் பண்ணைக்காரர்களுக்கானது, வெண்ணெய் விலையும் விதை விளம்பரமும் வரும். அதோடு தொடர்புடையவர் கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல். ஏ.ஈ. என்ற பெயரில் எழுதியவர். எளிமையான கதை ஒன்று எழுதித் தர முடியுமா, ஒரு பவுண்டு கிடைக்கும் என்று அவர் ஜாய்ஸைக் கேட்டார். அப்படி வந்தவைதான் 'தி சிஸ்டர்ஸ்', 'ஈவ்லின்', 'ஆஃப்டர் தி ரேஸ்' ஆகிய மூன்று கதைகளும். புனைபெயரில் வந்தன. வாசகர்கள் முகம் சுளித்ததால் நான்காவது கதை வரவில்லை. அந்தக் கதைகள் 'டப்ளினர்ஸ்' என்று புத்தகமாக 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜே.பி.பிங்கர் என்ற லண்டன் ஏஜென்ட் ஜாய்ஸுக்காக வேலை பார்க்கத் தொடங்கியது அதற்கும் அடுத்த வருஷம்.

அந்த ரஸ்ஸலின் மகன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1968-ல் டேவிட் மார்கஸ் என்பவர் 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழில் வாரத்துக்கு ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கினார். 'நியூ ஐரிஷ் ரைட்டிங்' என்று பெயர். ஒரு முழுப் பக்கத்தில் ஒரு சிறுகதை, சில கவிதைகள். இரண்டு தலைமுறை ஐரிஷ் எழுத்தாளர்களில் அந்தப் பக்கத்தில் எழுதாதவர்கள் குறைவு. மார்கஸ் அதோடு விடவில்லை; பிறகு பதிப்பகத்திலும் கை வைத்து அந்தக் கதைகளைப் புத்தகமாக்கினார்.

1997-ல் டெக்லன் மீடும் ஈஃபா கவனாவும் சேர்ந்து 'ஸ்டிங்கிங் ஃப்ளை' இதழைத் தொடங்கினார்கள். கையில் முதல் கிடையாது. அரசின் கலைக் கவுன்சில் உதவி வந்து சேர்ந்த பிறகு இதழ் நிலைத்தது. 2005-ல் பதிப்பகமும் தொடங்கினார்கள். கெவின் பாரியின் முதல் தொகுப்பு 2007-ல் அங்கிருந்துதான் வந்தது. காலின் பாரெட்டின் 'யங் ஸ்கின்ஸ்' 2013-ல் அங்கிருந்துதான் வந்தது. மறு வருஷம் கார்டியன் முதல் புத்தக விருதையும் ஃப்ராங்க் ஓ'கானர் சிறுகதை விருதையும் சேர்த்து வாங்கியது. பதின்பருவத்திலேயே சாலி ரூனியின் கவிதைகளை முதலில் போட்டதும் இதே இதழ்தான். பின்னாளில் புகழ்பெற்ற பிறகு அவரே வந்து அதற்கு எடிட்டராக இருந்துவிட்டும் போனார்.

இந்த இதழ்கள் லாபத்தில் ஓடுபவை அல்ல. சந்தா, கலைக் கவுன்சில் மானியம், எழுத்துப் பட்டறைக் கட்டணம் என்று தட்டுத்தடுமாறி ஓடுகின்றன. ஆனால், எடிட்டர் கதையை வாங்கி உட்கார்ந்து வேலை பார்ப்பார். கடைசிப் பத்தி வேண்டாம், இந்தப் பாத்திரம் ஏன் திடீரென்று அழுகிறது, மூன்றாம் பக்கத்தில் இருப்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா என்று எழுதியவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். ஏஜென்ட் கையில் எடுக்கும்போது கதை ஏற்கெனவே ஒரு நல்ல கண்ணைத் தாண்டி வந்திருக்கிறது. அவருக்கு அது இலவசமாகக் கிடைத்த வடிகட்டி.

"இது நாவலின் இரண்டாம் அத்தியாயம்"

இப்போது ரஸ்ஸலின் மகன். பெயர் டயர்மிட் ரஸ்ஸல். அமெரிக்காவுக்குப் போய்ப் பதிப்பகத்தில் எடிட்டராக இருந்து, வேலை போய், 1940-ல் நியூயார்க்கில் ஹென்றி வோல்க்கனிங் என்ற நண்பரோடு ஏஜென்சி தொடங்கினார். ஒரு எழுத்தாளர்கூடக் கையில் இல்லை. டபிள்டே பதிப்பகத்தில் இருந்த ஜான் வுட்பர்ன், மிஸிசிப்பி மாநிலத்தில் ஜாக்ஸன் என்ற ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை விடாதே என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் யூடோரா வெல்ட்டி. 1936-ல் ஒஹையோவிலிருந்து வந்த 'மனுஸ்க்ரிப்ட்' என்ற சிற்றிதழில் முதல் கதை வந்தது. பிறகு லூசியானாவில் ராபர்ட் பென் வாரனும் கிளியந்த் ப்ரூக்ஸும் நடத்திய 'சதர்ன் ரிவ்யூ' அவருடைய கதைகளை அடுத்தடுத்துப் போட்டது. பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

1940 மே மாதம் ரஸ்ஸல் அவருக்குக் கடிதம் எழுதினார். ஏஜென்ட் என்பவர் யார், என்ன செய்வார், அவரால் என்ன பிரயோஜனம் என்பதையெல்லாம் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டு விளக்கியிருந்தார். வெல்ட்டி தாமதிக்கவில்லை, சில நாள்களுக்குள் சம்மதம் சொல்லி எழுதிவிட்டார். ரஸ்ஸலின் முதல் எழுத்தாளர் அவர்தான். 1973-ல் ரஸ்ஸல் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது.

அதன் பிறகும் வேலை எளிதாக நடந்துவிடவில்லை. பதிப்பாளர்கள் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி, 'நாவல் இருக்கிறதா?' என்பதுதான். சிறுகதைத் தொகுப்பு விற்காது என்ற பாட்டு அப்போதே பழசு. ரஸ்ஸல் ஒவ்வொரு கதையாகப் பெரிய பத்திரிகைகளுக்கு அனுப்பி, அவை திருப்பி அனுப்பியதை மறுபடி அடுத்த இடத்துக்கு அனுப்பினார். 'அட்லாண்டிக்' மாத இதழ் 'எ வோர்ன் பாத்' கதையை எடுத்தபோதுதான் நிலைமை மாறியது. 1941-ல் 'எ கர்ட்டன் ஆஃப் கிரீன்' தொகுப்பாக வந்தது, நாவல் எழுதாமலேயே.

நாவல் பிறகு வந்தது, ரஸ்ஸல் கையால். வெல்ட்டி அனுப்பிய ஒரு நீண்ட கதையைப் படித்துவிட்டு, இது கதையல்ல, நாவலின் இரண்டாம் அத்தியாயம் என்று எழுதினார். 1946-ல் அது 'டெல்டா வெட்டிங்' ஆனது. கமிஷன் வாங்குகிற ஆள் இப்படியும் படிப்பார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்றைக்கும் இப்படிப் படிக்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். பெயரை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

ஜும்பா லாஹிரியின் முதல் தொகுப்பு 'இன்டர்ப்ரெட்டர் ஆஃப் மாலடீஸ்' உங்கள் வீட்டிலோ நூலகத்திலோ இருக்கும். 1999-ல் நேரடியாகப் பேப்பர்பேக்காக வந்து 2000-ல் புலிட்சர் வாங்கியது. நாம் யாரும் படிக்காமல் தாண்டும் உரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்பது கதைகள். மூன்று 'நியூயார்க்கர்' இதழில் வந்தவை. அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மீதி ஆறும் 'லூயிவில் ரிவ்யூ', 'அக்னி', 'ஹார்வர்ட் ரிவ்யூ', 'சாலமண்டர்', 'எபோக்', 'ஸ்டோரி குவாட்டர்லி' ஆகிய சிற்றிதழ்களில் வந்தவை. பல்கலைக்கழகங்களும் இலக்கியக் கிறுக்குகளும் நடத்துபவை. இதில் 'அக்னி' நம் வேதத்து அக்னிதான்; பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தலைப்புக் கதை அதில்தான் வந்தது, நியூயார்க்கரில் அல்ல.

உங்களுக்குப் பிடித்த எந்தச் சிறுகதைத் தொகுப்பின் உரிமைப் பக்கத்தையும் இப்படிப் படித்தால், உங்கள் கதையை எங்கே அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் கிடைத்துவிடும். இதற்காகக் காசு கட்டி எந்த ஆன்லைன் வகுப்பும் சேர வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதழின் கடைசியில் வரும் 'எழுதியவர்கள்' பகுதி. ஆளுக்கு இரண்டு வரி. 'இவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று சிலருக்குப் போட்டிருப்பார்கள். கதை பிடித்துப்போன ஏஜென்ட் அடுத்துத் திருப்புவது அந்தப் பக்கத்தை. ரூனியிடம் போஹன் கேட்டதும், வெல்ட்டியிடம் பதிப்பாளர்கள் கேட்டதும் அதே கேள்விதான். அதற்குப் பதில் கையில் இல்லாதவர்களுக்குக் கதை வெளியான சந்தோஷத்தோடு சரி.

பெய்ஜிங்கில் பிறந்த யியுன் லியை இதற்கு நேர் சாட்சியாகச் சொல்லலாம். 1996-ல் நோயெதிர்ப்பியல் படிக்க அயோவா வந்தவர். அறிவியலை விட்டுவிட்டுத் தனக்கு இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் கதை எழுதினார். 'இம்மார்ட்டாலிட்டி' என்ற கதையை 'பாரிஸ் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். சிபாரிசு இல்லை. வந்து குவியும் கட்டிலிருந்து அதை எடுத்துப் படித்த எடிட்டர் பிரிஜிட் ஹ்யூஸ். 2003-ல் வெளியானது; புதியவர்களுக்கான ப்ளிம்ப்டன் பரிசும் கிடைத்தது. 2005-ல் ரேண்டம் ஹவுஸிலிருந்து தொகுப்பு. அந்த ஒரு கதை மட்டுமல்ல, ஒரு புத்தகத்துக்குத் தேவையான கதைகள் அவரிடம் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், பெரிய எழுத்தாளர்கள் சிபாரிசுக் கடிதம் கொடுத்தும், 'அசாதாரணத் திறமை' பிரிவில் அவர் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறை முதலில் நிராகரித்துவிட்டது. புத்தகத்துக்கு விருது வந்தால் என்ன, ஆபீஸில் ஃபைல் நகர வேண்டுமே!

எதிர்ச்சாட்சியும் உண்டு. அருந்ததி ராய் எந்த இலக்கிய இதழிலும் கதை எழுதி வரவில்லை. 'காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' பிரதி பங்கஜ் மிஸ்ரா கைக்குப் போய், அங்கிருந்து லண்டன் ஏஜென்ட் டேவிட் காட்வினுக்குப் போனது. அவர் படித்துவிட்டு விமானம் ஏறி இந்தியாவுக்கே வந்துவிட்டார். ஆனால், அங்கேயும் நடுவில் நின்றவர் ஒரு எடிட்டர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மிஸ்ரா அப்போது ஹார்ப்பர்காலின்ஸில் இருந்தார்.

மூன்று டாலரும் ஆறு மாதமும்

அனுப்புவது எப்படி? பழைய நாளில் போதிய தபால் தலை ஒட்டிய உறை வைத்தோம். இன்று பெரும்பாலும் 'சப்மிட்டபிள்' என்ற தளம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2010-ல் தொடங்கியது. கதையை ஏற்றிவிட்டால் 'பெறப்பட்டது', 'பரிசீலனையில்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். பல அமெரிக்க இதழ்கள் ஒரு கதைக்கு மூன்று டாலர்போலக் கட்டணம் வாங்குகின்றன. அங்கே அது ஒரு காபி. இங்கே இருபது இதழுக்கு அனுப்பினால் ஐயாயிரம் ரூபாய் தாண்டும். கட்டணம் வாங்காத இதழ்களும் உண்டு. சில இதழ்கள் மாதத் தொடக்கத்தில் சில நாள் மட்டும் இலவசமாகத் திறந்து, குறித்த எண்ணிக்கை வந்ததும் மூடிவிடும். நாள் பார்த்து அனுப்ப வேண்டும்.

முதலில் படிப்பவர் பெரும்பாலும் ஒரு முதுகலை மாணவர். அவர் தேர்ந்தெடுத்தது துணை எடிட்டருக்கு, அவர் தேர்ந்தெடுத்தது எடிட்டருக்கு. பதில் வர மூன்று மாதம், ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருஷம். நூற்றுக்கு ஒன்று தேறினாலே பெரிது. ஒரே கதையைப் பல இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாம் என்று பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. ஓர் இடத்தில் தேர்வானால் மற்ற இடங்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நம் வார இதழ்களுக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது திருட்டுத்தனமாகத் தெரியும். அங்கே அது நடைமுறை.

நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் வேறு. எழுதிய கையோடு முகநூலில் போட்டுவிடுகிறோம். ஆங்கில இதழ்களில் பலவற்றுக்கு அது 'ஏற்கெனவே வெளியானது'. அவர்கள் கேட்பது முதல் வெளியீட்டு உரிமை. 300 லைக்குக்காக அதைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. மொழிபெயர்ப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூலம் தமிழில் வந்திருக்கலாம். ஆனால், மூல ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். வாயால் 'போட்டுக்கோ தம்பி' என்று சொன்னது செல்லாது.

பணம் கேட்டு வரும் 'ஏஜென்ட்' பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோனோம், ஹாலிவுட்வரை கொண்டுபோகிறோம் என்று மெயில் வரும். உண்மையான ஏஜென்டின் பெயரையே திருடிப் போட்டிருப்பார்கள். அடுத்த மெயிலில் பதிவுக் கட்டணம், எடிட்டிங் கட்டணம். அமெரிக்க ஏஜென்டுகளின் சங்கம் தன் உறுப்பினர்கள் படிப்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. விற்ற பிறகு கமிஷன், அதற்கு முன்னால் ஒரு பைசாகூடக் கிடையாது. கேட்டால் பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

இதழ்களின் நிலைமையும் சுகமில்லை. கதைகளுக்கென்றே பேர்பெற்ற 'கிளிம்மர் டிரெய்ன்', 'டின் ஹவுஸ்' இரண்டும் 2019-ல் நின்றன. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைகதை இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த கதைகள் வெள்ளமாக வந்ததால் கதை வாங்குவதையே சில காலம் நிறுத்தியது. அந்தக் குப்பையைத் தள்ளிவிட்டு உண்மையான கதையைக் கண்டுபிடிக்கும் சுமையும் முதலில் படிக்கும் அந்த மாணவர்கள் தலையில்தான்.

தமிழ்க் கதைக்கு எந்த வாசல்?

தமிழில் நடுவில் நிற்கும் எடிட்டருக்கு என்றைக்கும் குறைவில்லை. 1959-ல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா இதழையும் புத்தகங்களையும் தானே சுமந்துபோய் விற்றார். 'கணையாழி'யில் அசோகமித்திரன் வந்த கதைகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். கமிஷன் இல்லாத ஏஜென்டுகள் அவர்கள். ஆனால், அந்த இதழ்களிலிருந்து லண்டனுக்குப் பாதை கிடையாது. இடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் மொழிபெயர்த்ததைப் போட ஆங்கில இதழ் வேண்டும்.

அப்படி ஒரு பாதை இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஜெயமோகனின் 'பெரியம்மாவின் சொற்கள்' கதையை மொழிபெயர்த்த சுசித்ரா ராமச்சந்திரனுக்கு 2017-ல் 'அசிம்டோட்' இதழின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. 2023-ல் அவருடைய மொழிபெயர்ப்பில் ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவல் ஆங்கிலத்தில் வந்தது. அதே ஜெயமோகனின் 'அறம்' கதைகளை மொழிபெயர்த்த ப்ரியம்வதா ராம்குமாரின் புத்தகம் இந்தியாவில் 2022-ல் வெளியாகி, பிறகு அமெரிக்காவுக்கும் போனது. பக்கத்து வீட்டுக் கன்னடத்தில், பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்' தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் 2025-ல் சர்வதேச புக்கர் வாங்கியது. அதிலுள்ள 'ரெட் லுங்கி' கதை புத்தகம் வருமுன்பே 'பாரிஸ் ரிவ்யூ'வில் வந்துவிட்டது. நேரடியாக ஆங்கிலத்தில் எழுதும் ஈழத் தமிழர்களில் வி.வி.கணேசானந்தன், 2024-ல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்ற 'பிரதர்லெஸ் நைட்' நாவலின் தொடக்கப் பகுதியை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே 'கிராண்டா' இதழில் வெளியிட்டிருந்தார்.

தமிழக அரசு 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறது. தமிழ் நூல்களை மொழிபெயர்க்கும் வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கு நிதி தருகிறது. தமிழ் நூல்களை விற்க ஏஜென்டுகளைப் பயிற்றுவிக்கவும் செய்கிறது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மூன்று நாள் காட்சியில் ஒரு லண்டன் ஏஜென்ட் கையில் பட்டியலைத் திணித்து அனுப்பினால் அவர் அதை விமானத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நன்றாகத் திருத்தப்பட்ட நான்கு தமிழ்க் கதைகள் ஆங்கிலத்தில் ஓர் இதழாக அவர் மேஜைக்குப் போனால், இரண்டு வருஷத்தில் அந்த இதழை அவர் எதிர்பார்க்கத் தொடங்குவார். டப்ளினில் அதுதான் நடந்தது.

அதற்கு வேண்டியது சம்பளத்துக்கு ஒரு எடிட்டர், அவருக்கு உதவியாக ஒருவர், மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கௌரவமான தொகை, குறைந்தது ஐந்து வருஷத்துக்குக் கைவைக்காத மானியம். யாரைப் போட வேண்டும் என்று அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வரக் கூடாது. புத்தகக் காட்சிக்குப் போடும் பந்தல் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். அடுத்த ஜனவரிக்கு முன் அரசு இதை யோசிக்க வேண்டும்.